சிம்பிளாக முடித்த கல்யாணம்

அன்புள்ள அருணுக்கு,

இன்று காலை எழுந்ததும், பாலைக்கூட அடுப்பில் வைக்காமல், பரணிலிருந்து என் காலேஜ் காலத்து அகராதியை இறக்கி ‘சிம்பிள்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் பார்த்தேன். இத்தனை வருஷமாக பிளஸ் டூ பெண்களுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறவள் அகராதியில் தேட வேண்டிய சொல்லா அது என்று நீ நினைப்பாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பதினைந்து நாளாக அந்த ஒரு சொல்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எளிமையான, சிக்கல் இல்லாத, பகட்டில்லாத, கலப்பில்லாத, சூதுவாது தெரியாத என்று வரிசையாகப் போட்டிருந்தது. கடைசியாக ஒன்று, சுலபமாக ஏமாறக்கூடிய. இந்தக் கடைசி அர்த்தத்தை நான் இதுவரை ஒரு பெண்ணுக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பரீட்சைக்கு வராது என்று விட்டிருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை செங்கம் ரோடு மண்டபத்தில் உனக்கும் நித்யாவுக்கும் ரிசப்ஷன். ஆடி பிறப்பதற்குள் வைத்துவிட வேண்டும் என்று அவசரமாக ஏற்பாடு செய்தது. பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று. எங்கள் மகனின் திருமணம் பெரியோர்கள் ஆசியுடன் எளிய முறையில் இனிதே நடந்தேறியது என்று அதில் அச்சடித்து, கீழே உன் அப்பா பெயரும் அதற்குப் பக்கத்தில் என் பெயரும் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், கல்யாணம் எப்படி நடந்தது என்று. அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உன் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நாமெல்லாரும் பெங்களூர் போயிருந்தோம், கோயிலில் வைத்துச் சிம்பிளாக முடித்துவிட்டோம், இதுதான் பதில். இதை நான் சொல்வேனா மாட்டேனா என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ ‘அம்மா, ப்ளீஸ்மா’ என்று ஒரு தரம் சொல்வாய், நான் கரைந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி. படித்துவிட்டு நித்யாவிடமும் கொடு. அவளிடம் மறைக்க இதில் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே மறைத்தது போதும்.

அந்தச் சொல்லோடு எனக்கிருக்கும் பழைய உறவை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, உன் பெரிய அத்தை கூடத்தில் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “பொண்ணு பி.ஏ. படிச்சிருந்தாலும் சிம்பிளா இருக்கா. அதான் எங்களுக்குப் பிடிச்சிருக்கு.” எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் அன்று ஒரு நைலக்ஸ் புடவையும் மெல்லிய சங்கிலியும் போட்டிருந்தேன். அதற்கு மேல் போட எங்கள் வீட்டில் கிடையாது என்பது வேறு விஷயம். அந்தப் பாராட்டை நான் பல வருஷம் நெற்றிப் பொட்டு மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தேன். கல்யாணப் புடவை எடுக்க ஆரணிக்குப் போனோம். நான் அரக்குக் கலரில் கை வைத்தேன். கடைக்காரர் அதைப் பிரிப்பதற்குள் அத்தை, “அவளுக்கு சிம்பிளா எடுங்க, அவ ஒண்ணும் சொல்ல மாட்டா” என்றார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான அடுத்த வருஷம் வேலூரில் பி.எட். சேர எனக்கு இடம் கிடைத்தது. இவ்வளவு சிம்பிளான பெண்ணுக்கு எதற்கு வேலை என்று வீட்டில் கேட்டார்கள். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சிம்பிள் என்று பெயர் வாங்கிவிட்டால் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது, அருண். எதுவும் கேட்காமல் இருந்தால்தான் அந்தப் பெயர் நிற்கும். கேட்காமலே இருந்து பழகியவளிடம் ஒருநாள் யாரும் எதையும் கேட்பதில்லை என்று ஆகிவிடுகிறது. அது எப்போது நடந்தது என்று எனக்கே தெரியவில்லை.

இந்தப் பதினைந்து நாளில் ஊரில் யார் எந்த அர்த்தத்தில் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. இன்றைக்குச் சிம்பிளாக ஒரு ரசம், அப்பளம் என்று எதிர் வீட்டு சரோஜா சொன்னால் அவளுக்கு இடுப்பு வலி என்று அர்த்தம். ரமணாசிரமம் பக்கம் காய் வாங்கப் போனபோது, வெள்ளைப் பருத்திப் புடவை கட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாளைக் காட்டி, “எவ்ளோ சிம்பிளா இருக்காங்க பாரு, நம்மாளுங்களும் இருக்காங்களே” என்று சரோஜா பெருமூச்சு விட்டாள். பத்து வீடு தள்ளிப் பாத்திரம் தேய்க்கிற முனியம்மாவும் அதே மாதிரி வெள்ளைச் சேலைதான் கட்டுகிறாள். அவளை யாரும் சிம்பிள் என்று சொல்லிக் கேட்டதில்லை. இருக்கிறவர்கள் இல்லாத மாதிரி இருந்தால்தான் அதற்கு அந்தப் பெயர் போலிருக்கிறது. ஜவுளிக் கடையில் ரிசப்ஷனுக்கு எனக்குப் புடவை எடுத்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு பெண், “சிம்பிளாவும் இருக்கணும், கிராண்டாவும் தெரியணும்” என்று கேட்க, கடைப்பையன் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு ஒன்றை உருவிப் போட்டான். நீ எனக்குச் செல்போன் வாங்கிக் கொடுத்த அன்று, “சிம்பிள்மா, பச்சை பட்டனை அமுக்கு, அவ்ளோதான்” என்று நாலு தரம் சொன்னாய். தெரிந்தவர்கள் தெரியாதவர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லும்போது கொஞ்சம் குத்தும். அது உனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் எனக்கு மறக்காத அர்த்தம் வேறு. போன வாரம் தெருக்கோடி வாத்தியார் வீட்டுப் பதினாறாம் நாளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள், சிம்பிளாக முடித்துவிட்டார்கள் என்று. விசாரித்தால், பெரிய மகனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நல்லது கெட்டதைச் சிம்பிளாக முடித்தோம் என்று சொல்கிறவர்கள், யாரையோ கூப்பிடவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

வைகாசியில் ஒரு சாயங்காலம் நீ போன் செய்தாய். “அம்மா, கோச்சுக்காத. நானும் நித்யாவும் கல்யாணம் பண்ணிக்கிட்டோம். கோயில்ல, சிம்பிளா. ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் மட்டும்தான் இருந்தாங்க.” நித்யா என்ற பெயரையே நான் அப்போதுதான் முதல் முறை கேட்கிறேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா என் கையிலிருந்து போனை வாங்கி, “என்னடா இப்படிப் பண்ணிட்ட? பெத்தவங்கன்னு ஒருத்தர் இருக்கறதே தெரியலயா?” என்று கத்தினார். பிறகு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “விடு, நம்ம பையன்தானே. ரெண்டு பேரும் சேர்ந்து ஏமாந்தோம்னு நினைச்சுக்கோ” என்று தலையைத் தடவினார். அன்று ராத்திரி அவர் சாப்பிடக்கூட இல்லை. பாவம் மனுஷன், என்னைவிட அவருக்குத்தான் அதிகம் வலிக்கிறது என்று நினைத்து, மறுநாள் அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன். அதை இப்போது நினைத்தால்தான் எனக்கு மிகவும் அவமானமாக இருக்கிறது.

பதினைந்து நாள் முன்பு நீ நித்யாவை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தாய். நான் ஆரத்தி எடுத்தேன். உள்ளே வந்ததும் அவள் செருப்பை ஒழுங்காக ஓரமாக வைத்தாள், என்னைக் கேட்காமல் சமையலறைக்குள் வந்து பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நீயும் அப்பாவும் மண்டபம் பார்க்கப் போயிருந்தீர்கள். தாலியைப் பெருக்கிக் கோர்க்க நல்ல நாள் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவள் கழுத்தில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தேன். மூன்று முடிச்சும் ஒழுங்காக விழுந்திருந்தது. ஒரு முடிச்சு நீ போட்டிருப்பாய். மற்றதை மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் போட வேண்டும். உனக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது. உன்னோடு இருந்தது இரண்டு நண்பர்கள். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்: “மூணாவது முடிச்சு யாரும்மா போட்டாங்க?”

“தீபாதான் அத்தை போட்டா.”

“எந்த தீபா?”

“கீழ்பென்னாத்தூர் சித்தி பொண்ணு தீபா. அவளுக்குப் போடத் தெரியல. மாமாதான் பக்கத்துல நின்னு, இறுக்கிப் போடும்மான்னு சொல்லிக்கொடுத்தாரு. சித்திதான் எனக்குப் பூ வச்சு விட்டாங்க. நீங்கதான் காய்ச்சல்னு வர முடியாமப் போச்சு. இப்ப உடம்பு பரவாயில்லையா அத்தை?”

மாமா என்று அவள் சொன்னது உன் அப்பாவை. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பீன்ஸ் நறுக்குகிற கை நின்றுபோயிற்று. “நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா அத்தை?” என்றாள். “இல்லம்மா. நீ ஒருத்திதான் சரியா சொன்ன” என்றேன். பிறகு, உடம்பு இப்போது தேவலை என்றும் சொன்னேன். அதைச் சொன்ன மாத்திரத்தில் உங்கள் பொய்யில் நானும் சேர்ந்துவிட்டேன். அவள் சந்தோஷமாக மீதியையும் சொன்னாள். நீ காலேஜில் படிக்கும்போதிலிருந்தே கீழ்பென்னாத்தூருக்குப் போய் வருகிறாயாம். சித்தி கையால் வேர்க்கடலைச் சட்னி என்றால் உனக்கு உயிராம்.

எனக்கு அன்று காய்ச்சல் இல்லை, அருண். அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வந்தவாசி தாலுகா ஆபீசில் ஜமாபந்திக் கணக்கு, கலெக்டர் ஆபீசிலிருந்து போகச் சொல்லிவிட்டார்கள், மூன்று நாள் தங்க வேண்டியிருக்கும் என்று அப்பா பெட்டி கட்டினார். இரண்டு சட்டையை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். ஜமாபந்திக்குப் பட்டுக்கரை வேட்டி எதற்கு என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நீ தாலி கட்டிய நேரத்தில் நான் மொட்டை மாடியில் சரோஜாவோடு வெங்காய வடகம் உருட்டிக் காய வைத்துக்கொண்டிருந்தேன். நீ ஊருக்கு வந்தால் எடுத்துப் போவாய் என்று உனக்குத் தனியாக ஒரு தட்டு.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் என் வாயால் நீ கேட்டதில்லை. எண்பத்தொன்பதில் நம் ஊரைத் தலைநகரமாக்கிப் புது ஜில்லா பிரித்தார்கள். அப்பாவுக்கு இங்கே மாற்றலாகி, வேங்கிக்காலில் வாடகை வீட்டுக்கு வந்து சாமான்கூடப் பிரிக்கவில்லை. அப்போதுதான் விஜயாவிடமிருந்து ஒரு இன்லேண்ட் கடிதம் வந்தது. என் ஒரே தங்கச்சி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நயினார் வீட்டுப் பிள்ளை, ஜைனக் குடும்பம், பள்ளிக்கூட வாத்தியார், அவரைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று எழுதியிருந்தாள். ‘சிம்பிளாகக் கோயிலில் முடித்துக்கொண்டோம் அக்கா, உன்னிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது’ என்பது கடைசி வரி. எங்கள் அப்பா, அவளை யார் வாசல் ஏற்றுகிறார்களோ அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். அந்த வாரமே ஒரு மத்தியானம் அவளும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். அப்போது வேங்கிக்காலில் பாதிக்குமேல் வெறும் பிளாட்டுதான். பஸ் நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறார்கள். அவர் கையில் ஒரு பை நிறையப் பச்சை வேர்க்கடலை. நான் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே, அருண் அப்பா ஆபீசில் இருக்கிறார், அப்புறம் பார்க்கலாம் என்றேன். விஜயா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “சரிக்கா, உள்ள வரல. தண்ணி மட்டும் குடு” என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சிம்பிளா கல்யாணம் பண்ணிக்கத் தெரிஞ்சவளுக்குத் தண்ணி கிடைக்காதா?” என்றேன். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நீ ஹோம்வொர்க் நோட்டோடு நின்றதை அதற்கப்புறம்தான் பார்த்தேன். அவர்கள் பையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சித்திக்கு ஏன் தண்ணீர் தரவில்லை என்று நீ கேட்டாய். போய்ப் படி என்று அதட்டினேன். அந்தக் கடலையை வேலைக்காரம்மாவிடம் கொடுத்தேன்.

எங்கள் அப்பாவுக்காகச் செய்தேன் என்றுதான் இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. எனக்குப் பொறாமை. புடவைக் கலரைக்கூட வாய் திறந்து கேட்காத நான் நல்ல பெண், தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டு வந்து வெயிலில் சிரித்த முகத்தோடு நிற்கிற அவள் கெட்ட பெண், இந்தக் கணக்கு மாறிவிட்டால் எனக்கு என்ன மிச்சம் என்று பயந்திருக்கிறேன். எங்கள் அப்பா இறந்தபோது அவள் வந்தாள். வாசலில் பந்தல் காலைப் பிடித்தபடி நின்றுவிட்டுப் போனாள். அப்போதும் நான் பேசவில்லை. அந்த மத்தியானத்திலிருந்து இந்தப் பதினாறு வருஷத்தில் கீழ்பென்னாத்தூர் பஸ் நம் தெருமுனையைத் தாண்டித்தான் போயிற்று, ஒரு நாளைக்கு எத்தனையோ தரம்.

நீங்கள் பெங்களூர் திரும்பிய பிறகு உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “பையன் என் ஆபீசுக்கே வந்து நின்னான். நான் என்ன பண்ணட்டும்?” என்றார். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். “உன்னப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? கூடப் பொறந்தவளுக்கே தண்ணி குடுக்காதவ நீ. அந்தப் பொண்ணு வேற ஆளுங்கன்னு தெரிஞ்சா வீட்டுல வாழ விட்டிருப்பியா? அதான் சிம்பிளா முடிச்சிட்டோம்.” நான் அந்தப் பேப்பரை எடுத்து அடுக்கில் வைத்ததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, “ரிசப்ஷன்ல யாராச்சும் கேட்டா, எல்லாரும்தான் போயிருந்தோம்னு சொல்லிடு. உங்க அண்ணன் வருவாரு, விஜயா பேச்சே எடுக்காத. அவங்களுக்குப் பத்திரிகை வைக்கல. ஊர் வாய்ல எதுக்கு விழணும்? சிம்பிள் மேட்டர்” என்றார்.

அவர் சொன்னதில் பாதி நியாயம் என்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை. உனக்கு எட்டு வயதில் ஒரு ஜன்னல் வழியாக நான் யார் என்று தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் உனக்கு ஊட்டியதும், உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு விழித்துக் கிடந்ததும், பெங்களூருக்கு நீ முதல் நாள் போனபோது பஸ் ஸ்டாண்டில் அழுததும் எதுவும் அதை மாற்றவில்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினாறு வருஷத்தில் நான் கொஞ்சமாவது மாறியிருப்பேனா என்று நீ ஒரு தரம்கூடப் பார்க்கவில்லையே. பரீட்சையே வைக்காமல் ஃபெயில் என்று போட்டுவிட்டீர்கள். நீ வந்து சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். அழுதிருப்பேன். ஒரு வாரம் உன்னோடு பேசியிருக்க மாட்டேன். அண்ணன் என்ன சொல்வார், சரோஜா என்ன சொல்வாள் என்று புலம்பியிருப்பேன். அதற்கப்புறம் எழுந்து பெட்டி கட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு வாரத்தை நீங்கள் எனக்குத் தரவில்லை. அதனால் இனி எனக்கே அது தெரியப்போவதில்லை.

நீ கல்யாணம் செய்துகொண்டதற்கு எனக்குக் கோபம் இல்லை. என்னைக் கூப்பிடாததைக்கூட ஒருநாள் ஆற்றிக்கொள்வேன். ஆனால் என் புருஷனும் என் பிள்ளையும் சேர்ந்து, போனின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, எனக்காக ஒரு சண்டை நடத்திக் காட்டினீர்களே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. அவர் கத்தும்போது நீ மறுமுனையில் என்ன செய்துகொண்டிருந்தாய்? சிரித்தாயா? இல்லை, உனக்கும் கொஞ்சம் நெஞ்சு அடைத்ததா? இதற்கு மட்டும் ஒருநாள் பதில் சொல். பொய்யாகச் சொல்வதானால் வேண்டாம்.

அம்மா என்ற முறையில் உனக்குச் சொல்ல எனக்கு இரண்டு மூன்று விஷயம்தான் இருக்கிறது. நித்யாவை யாராவது சிம்பிளான பெண் என்று புகழ்ந்தால், நீ பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்காதே. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளையே கேள். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் இன்னொரு தரம் கேள். உன் அப்பா நல்லவர்தான், ஆனால் அந்த இரண்டாவது தரத்தை அவர் கேட்டதே இல்லை. எனக்குக் காய்ச்சல் என்று அவளிடம் சொன்னது பொய் என்று நீயே அவளிடம் சொல்லிவிடு. நீ அவளுக்குச் சொன்ன முதல் பொய் அதுவாக இருந்தால், கடைசிப் பொய்யாகவும் அதுவே இருக்கட்டும். அப்புறம் விஜயா. மணவறையில் நிற்கக் கூப்பிட்டவளை, ஊர் கூடுகிற இடத்தில் வேண்டாம் என்று ஒதுக்குகிறீர்களே, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நான் செய்தது கொடுமை, ஆனால் அதை அவள் முகத்துக்கு நேராகச் செய்தேன். நீங்கள் அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டே செய்கிறீர்கள். வெள்ளிக்கிழமை நீ ஊருக்கு வரும்போது நேராகக் கீழ்பென்னாத்தூர் போ. அவளுக்கும் அவருக்கும் தீபாவுக்கும் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துக் கூப்பிடு. நான் போய்க் கூப்பிடலாம்தான். ஆனால் நான் முதல் முறையாக அவள் வீட்டுக்குப் போவது உன் ரிசப்ஷன் விஷயமாக இருக்கக் கூடாது. அதற்கு வேறு ஒரு நாள் வேண்டும், அன்று என் கையில் பத்திரிகை எதுவும் இருக்கக் கூடாது. உன் பெரிய மாமா எழுந்து போனால் போகட்டும். சாப்பாடு மிஞ்சும், அவ்வளவுதானே.

கடைசியாக ஒன்று. இதை நான் உன் அப்பாவிடம் சொல்லவில்லை, அண்ணனிடம் சொல்லவில்லை, சரோஜாவிடம்கூடச் சொல்லவில்லை. கூரியர் உன் கைக்கு வரும்வரை இது எனக்கு மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் மண்டபத்துக்கு வருவேன். நித்யாவுக்கு நானே தலை பின்னிப் பூ வைப்பேன், அவளுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன். ஆனால் மேடையில் உங்களோடு நிற்க மாட்டேன். வாசலில், சந்தனமும் கற்கண்டும் வைத்திருக்கும் மேஜைக்குப் பக்கத்தில் நிற்பேன், வருகிற ஒவ்வொருவருக்கும் நானே பன்னீர் தெளிப்பேன். கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாதுங்க, என்னைக் கூப்பிடலை என்று சொல்வேன். ஏன் கூப்பிடலை என்றும் யாராவது கேட்பார்கள். என் தங்கச்சி கல்யாணம் முடித்துவிட்டு என் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டாள், நான் கொடுக்கவில்லை, அதனால்தான் என்று சொல்வேன்.

அம்மா